புரியும்படி சொன்னீர்களா?

சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்த வைத்தியர் பேசிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இந்தப் பக்கத்து இதய நோயாளர்கள் சொன்னால் கேட்பதில்லை, அதனால்தான் திரும்பத் திரும்ப வார்டுக்கு வருகிறார்கள்." மேடையில் இருந்தவர்களும் ஆமோதித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

புரியும்படி சொன்னீர்களா?

திருகோணமலை மாவட்டத்தின் வெருகலில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இதயச் செயலிழப்பு; இதயம் போதிய அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் உடம்பில் நீர் தேங்கும் நோய். கிளினிக் நாளில் நீர் போகும் குளிசையை அவர் போடுவதில்லை. போட்டால் சிறுநீர் அடக்க முடியாது. விடியற்காலை பஸ் ஏறி, மூதூர் கடந்து திருகோணமலை நகரத்துக்கு வரும்வரை ஒரு வயதான பெண் எங்கே இறங்குவார்? கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை என்று கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்றைக்கு மட்டும் வீடு திரும்பிய பிறகு போடலாமா என்று பேசி முடித்திருக்கலாம். தினமும் காலையில் நிறை பார்க்க வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வர வேண்டும், கருவாட்டைக் குறைக்க வேண்டும், எல்லாமே சிங்களத்தில் சொல்லப்பட்டன. அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தார்.

"அந்த வழியில் 2009இல் கிண்ணியாப் பாலம் வந்துவிட்டதே, வைத்தியமும் இலவசம்தானே" என்பார்கள். பாலத்தால் பயணம் சுலபமானது உண்மை. பஸ்ஸில் மலசலகூடம் இல்லை என்பதும் உண்மை. இதே மாவட்டத்து மொறவெவ சிங்களவருக்கும் தூரம்தானே என்றால், ஆம், அவர்களுக்காகவும்தான் கேட்கிறேன். ஆனால் அவர்களிடம் அவர்களுடைய மொழியில் பேசுகிறார்கள். வைத்தியர்களை விரட்டாதே என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள்.

பாஸ்டனில் ஒரு பெரிய வைத்தியசாலையின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. இதே நோயோடு வந்த கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் வெள்ளையரைவிடக் குறைவாகவே இதயநோய்ப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள், எந்த இனமானாலும், முப்பது நாளுக்குள் திரும்பி வருவது குறைந்திருந்தது. ஆக, திரும்பி வருவதற்கு நோயாளரின் குணம்தான் காரணமா, கிடைத்த கவனிப்பா?

பெரியம்மா 2006இல் ஷெல்லடிக்குள் பிள்ளைகளோடு வாகரைக்கு ஓடியவர். எழும்பு என்றால் எழும்பி, நட என்றால் நடந்து, முகாமில் வரிசையில் நில் என்றால் நின்றவர். வாழ்நாள் முழுவதும் சொன்னதைக் கேட்டே உயிர் பிழைத்த மனுஷியையா சொன்னால் கேட்காத ஆள் என்கிறீர்கள்? அந்தப் பேச்சை மேடையில் சொன்னவர், அதே மேடையில் ஏறித் திரும்பப் பெறட்டும். தமிழில்.