குட்டைக்காது ஆந்தை: ‘கவலை இல்லை’ என்பது பாதிக் கதை

ஒருவர், “குட்டைக்காது ஆந்தை உலகம் முழுக்க இருக்கிறது, ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலிலேயே கவலை குறைந்த இனம், இதற்கு எதற்கு ஆராய்ச்சி?” என்று கேட்டிருக்கிறார். பட்டியல் சரிதான். ஆனால் அதே பக்கத்தில் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்றும் போட்டிருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டார்? கனடாவில் 2021ல் இதை ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்று நிபுணர் குழு மதிப்பிட்டது.

“எங்கள் பக்கம் போன வருஷத்தைவிட நிறைய வந்தது” என்று யாராவது சொன்னால் அதுவும் சான்று ஆகாது. இது ஊர் ஊராக அலையும் பறவை. வோல் என்கிற புல்வெளி எலி எங்கே பெருகுகிறதோ அங்கே கூட்டமாக இறங்கும், எலி குறைந்தால் அடுத்த வருஷம் ஒன்றுகூட இருக்காது. ஒரே இடத்தில் நின்று எண்ணினால் ஏறுவதும் இறங்குவதும் எலியின் கணக்குதான், ஆந்தையின் கணக்கு இல்லை. அதனால்தான் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் தன்னார்வலர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான முறையில், பரந்த பரப்பில், அந்தி நேரத்தில் சாலையோரம் நின்று தேடி வந்திருக்கிறார்கள். ஆண் பறவை வயிற்றுக்கடியில் சிறகைத் தட்டிக்கொண்டே பறந்து காட்டுவது அந்த நேரத்தில்தான் கண்ணில் படும்.

அப்புறம், இது மரப்பொந்து ஆந்தை அல்ல. புல்லுக்குள் தரையில் லேசாகக் குழி பறித்து முட்டையிடும். பெட்டை அசையாமல் அடைகாத்துக்கொண்டிருக்கும்போதே வைக்கோல் அறுக்கும் இயந்திரம் வந்துவிடும். எந்த வாரம் அறுப்பைத் தள்ளிப்போட்டால் குஞ்சு தப்பும் என்பதை ஊருக்கு ஊர் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.