டிஸ்க்கை எங்க போடுறது மாமா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் பிளஸ் டூ முடித்ததற்கு அவன் அப்பா சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 வாங்கிக் கொடுத்திருந்தார், செகண்ட் ஹேண்டில். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று நான் முடித்துவிட்ட காட் ஆஃப் வார் ராக்னராக் கேம் டிஸ்க்கை எடுத்துப் போனேன். பையன் டப்பாவைத் திறந்து, டிஸ்க்கை விரலில் மாட்டிக்கொண்டு, கன்சோலை முன்னும் பின்னும் தடவிப் பார்க்கிறான்.

"மாமா, இதை எங்க போடுறது?"

எங்கேயும் போட முடியாது. அது டிஜிட்டல் எடிஷன். டிஸ்க் நுழைகிற வாயே கிடையாது, கேமை நெட்டில் வாங்கி டவுன்லோட் செய்துதான் ஆட வேண்டும். விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவருக்குக் கேட்கத் தெரியவில்லை. விலை கம்மியாக முடிந்ததே என்று சந்தோஷமாக வாங்கி வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் பிஎஸ் 5 இந்தியாவுக்கு வந்தபோதே டிஸ்க் உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990. பத்தாயிரம் மிச்சம் என்றால் யாருக்குத்தான் கை போகாது? ஆனால் ராக்னராக் புதிதாக வந்தபோது விலை 4,999. டவுன்லோட் கேமைத் திரும்ப விற்க முடியாததால், மூன்று நாலு கேமிலேயே மிச்சம் பிடித்த பத்தாயிரம் போய்விடும்.

என் கணக்கு வேறு மாதிரி ஓடும். 4,999க்கு ஒரு டிஸ்க் வாங்குவேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இருபது நாளில் முடிப்பேன். சூடு ஆறுவதற்குள் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்க் கொடுத்தால் மூவாயிரத்துச் சொச்சம் கைக்கு வரும். ஆக, அந்த இருபது நாளுக்கு நான் கொடுத்தது ரெண்டாயிரத்துக்கும் கீழே. என்னிடமிருந்து கைமாறியதை இன்னொருவர் மூவாயிரத்து ஐந்நூறுக்கு வாங்குவார், முடித்துவிட்டு அவரும் கொடுப்பார். ஒரு டிஸ்க் நாலைந்து வீடு சுற்றி வரும். ஒருமுறை நான் வாங்கிய டப்பாவுக்குள் பால்பாயின்ட் பேனாவில் ஒரு பெயர், கீழே 'கீறல் போடாதே' என்று ஒரு மிரட்டல். யார் பெற்ற பிள்ளையோ, எழுதியது நன்றாக வேலை செய்தது. ஒரு கீறல் இல்லை.

பிஎஸ் 5ல் டவுன்லோட் செய்த கேமில் இதெல்லாம் கிடையாது. முடித்தாலும் உங்களிடம்தான் கிடக்கும், பிடிக்காவிட்டாலும் உங்களிடம்தான் கிடக்கும். தம்பிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் அக்கவுண்டையே கொடுக்க வேண்டும்.

"பிசியில் டிஸ்க் போய்ப் பல வருஷம் ஆகிறதே, அங்கே யாரும் ஒப்பாரி வைக்கவில்லையே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2004ல் ஹாஃப் லைஃப் 2 கேம் டிஸ்க்கை வாங்கினால்கூட ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் மென்பொருள் இல்லாமல் ஓடாது. பிசிக்காரர்கள் அன்றைக்கே பழகிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரே கடை இல்லை, பல கடைகள். ஸ்டீமில் விலை அதிகமா, எபிக்கில் பார்க்கலாம். ஜிஓஜியில் வாங்கினால் இன்ஸ்டாலரையே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கன்சோலில் அப்படியா? டிஸ்க் இல்லாத பிஎஸ் 5க்கு ஒரே கடை, அதுவும் கன்சோலைச் செய்தவனுடைய கடை. முழு கேமுக்கான டவுன்லோட் கோடுகளை மற்ற கடைகள் விற்றுக்கொண்டிருந்தன, 2019 ஏப்ரலில் சோனி அதையும் நிறுத்திவிட்டது. ஊருக்கு ஒரே மளிகைக்கடை, அதன் முதலாளிதான் உங்கள் வீட்டு ஓனரும் என்றால் புளி என்ன விலை விற்கும்?

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. 2013ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் கன்சோலை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். ஊரே கொந்தளித்தது. அந்த நேரம் பார்த்து சோனி ஒரு குட்டி வீடியோ விட்டது. கேமைப் பகிர்வது எப்படி என்று பாடம். ஒருத்தர் டிஸ்க் டப்பாவை இன்னொருத்தர் கையில் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்கிறார், பாடம் முடிந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. கைதட்டல் பறந்தது. ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கிவிட்டது. அதே சோனி 2024 நவம்பரில் பிஎஸ் 5 ப்ரோவைக் கொண்டுவந்தது. அப்போது அமெரிக்காவில் 700 டாலர், டிஸ்க் போடும் டிரைவ் உள்ளே இல்லை, வேண்டுமானால் தனியாக 80 டாலர். அந்தக் குட்டி வீடியோவை இப்போது எடுத்தால் டப்பாவை வாங்கியவர் என் அக்கா மகன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்பார்.

சரி, டிஸ்க் மட்டும் என்ன பத்தரைமாற்றுத் தங்கமா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். 2022ல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது நூறு எம்பிகூட இல்லை. மற்றதெல்லாம் நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க் என்ற பெயரில் விற்றது வெறும் சாவி. நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில் அதற்குப் பெயரே கேம் கீ கார்டு, அவர்களாவது மறைக்கவில்லை. தி க்ரூ என்ற கார் ரேஸ் கேம் 2014ல் வந்தது. தனியாக ஓட்டினாலும் நெட் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் சர்வரை அணைத்தது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் டீ டம்ளரை வைக்கத்தான் உதவும். அதன் பிறகுதான் விற்ற கேமை இப்படிச் சாகடிக்காதே என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கியது.

டவுன்லோடால் நல்லது நடந்ததையும் மறுக்க மாட்டேன். ஸ்டார்டியூ வேலி என்ற கேமை ஒரே ஆள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்தார். டிஸ்க் அடித்துக் கடை கடையாக அனுப்பித்தான் விற்க வேண்டும் என்றிருந்தால் அது என் கைக்கு வந்தே இருக்காது.

அதனால் பிளாஸ்டிக் தட்டுக்காக நான் அழவில்லை. சின்ன வயதில் டிவி கேமில் கேசட்டை உருவி, வாயால் ஊதி, திரும்பச் சொருகியவன் நான். கேசட் போனபோது அழுதேனா? பிஎஸ் 2 காலத்தில் சிப் வைத்த மெஷினில் ஐம்பது ரூபாய் திருட்டு டிவிடி போட்டு ஆடிய ஆள் இன்று உரிமை பேசுகிறானே என்று கேட்பீர்கள். கேளுங்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தத் திருட்டிலிருந்து என்னைக் காசு கொடுத்து வாங்கும் பக்கம் இழுத்து வந்ததே இந்தச் செகண்ட் ஹேண்ட் டிஸ்க்தான். பாதியைத் திரும்ப எடுக்கலாம் என்ற தைரியம் இல்லாமல் நாலாயிரம், ஐயாயிரம் போட்டிருக்க மாட்டேன்.

நெட் விஷயமும் இருக்கிறது. சென்னையில் ஃபைபர் வைத்திருக்கிறவனுக்கு நூறு ஜிபி கேம் ஒரு ராத்திரி வேலை. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டா மட்டும் உள்ள வீட்டில் அதே கேம் இறங்க 67 நாள், அதுவும் அந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்காமல் இருந்தால்.

நான் கேட்பது ஒன்றுதான். வாங்கு என்று பொத்தானில் எழுதிக் காசு வாங்குகிறீர்கள் இல்லையா, அப்படியானால் வாங்கியதைக் கைமாற்ற விடுங்கள். என் அக்கவுண்டிலிருந்து அழியட்டும், இன்னொருவர் அக்கவுண்டில் ஏறட்டும், நடுவில் கமிஷன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். டெக்னிக்கலாக இது மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஸ்விட்சில் டவுன்லோட் கேமையே குடும்பத்துக்குள் இரண்டு வாரம் இரவல் கொடுக்க இப்போது வழி செய்திருக்கிறார்கள். மனசு வந்தால் நடக்கும். முடியாது என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே அப்படித்தான்: கொடுப்பது வெறும் லைசென்ஸ் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் வாங்கு என்று போடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றாவது நம் ஊர் கன்சோல் திரைக்கு வரும்வரை டிஸ்க் வாய் உள்ள மெஷினைத்தான் வாங்கச் சொல்வேன், பத்தாயிரம் கூடப் போனாலும்.

பையன் கடைசியில் அதே ராக்னராக்கைக் கடையில் தேடினான். விலையைப் பார்த்துவிட்டு, "ஆஃபர் வரட்டும் மாமா" என்று ரிமோட்டைக் கீழே வைத்தான். டிஸ்க்கைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். எதிர் பிளாட் தம்பி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுடையது டிஸ்க் போடுகிற பிஎஸ் 5தானா என்று இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன்.