கடை திறக்கிற நேரம் பாத்தா ஸ்கேன் ஓடணும்?

காலையில ஒன்பதரைக்குக் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிட்டு சிஸ்டத்தைப் போட்டேன். பதினொன்றே கால் வரைக்கும் ஒரு வேலை முடியல. மவுஸ் அம்பு நகருது, கிளிக் பண்ணினா நீல வட்டம் சுத்துது, அப்படியே ஸ்கிரீன் வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்'னு நிக்குது. சேரன்மகாதேவியில ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் வேலைன்னு வச்சிருக்கிற சின்னக் கடை. இருக்கிறது ஒரே சிஸ்டம். அது நின்னா நானும் கையைக் கட்டிட்டு நிக்க வேண்டியதுதான்.

முதல் ஆளா வந்தது கரிசூழ்ந்தமங்கலத்துப் பெரியப்பா ஒருத்தர். பிசான நெல்லுக்கு இன்சூரன்ஸ் கட்டணும். விஏஓகிட்ட வாங்கின அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாத்தையும் மஞ்சப்பையில மடிச்சுக் கொண்டு வந்திருந்தாரு. கடைசி நாளுக்கு இன்னும் ரெண்டே நாள். ஸ்கேனர்ல பேப்பரை வச்சா படம் வந்து சேர அஞ்சு நிமிஷம் ஆகுது. அவர் போனுக்கு ஓடிபி வருது, கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு நம்பரா வாசிக்காரு, நான் அடிச்சது கட்டத்துல விழுறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சுன்னு காட்டுது. மூணு தடவை இப்படி. "பரவால்ல தாயி, இன்னைக்கு நம்ம வயலுக்குத் தண்ணி முறை, நாளைக்கு வாரேன்"னு பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. ஒரு வார்த்தை ஏசிட்டுப் போயிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். மினி பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து வந்த மனுஷன்.

அவர் போனதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினேன். எந்த புரோகிராம் சிஸ்டத்தை எவ்வளவு இழுக்குதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர் திறக்கவே ரெண்டு நிமிஷம். சிபியூ முப்பது சதவீதம்கூட இல்ல. டிஸ்க் மட்டும் 100 சதவீதம்னு சிவந்து கிடக்கு. டிஸ்க்குங்கிற தலைப்பை ஒரு தட்டு தட்டினா அதிகம் இழுக்கிறது மேல வந்துரும். வந்தது யாரு? காசு குடுத்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ். யாரும் கேக்காமலே பின்னால ஃபுல் ஸ்கேன், அதாவது டிஸ்க்குல உள்ள எல்லா ஃபைலையும் வைரஸ் இருக்கான்னு தேடுற வேலை, ஓடிட்டு இருக்கு.

எனக்கு வயிறு எரிஞ்சது அதுக்கு அப்புறம்தான். செட்டிங்ஸைத் திறந்து பாத்தா ஸ்கேன் நேரம் ராத்திரி ரெண்டு மணி. அது நான் வச்ச நேரம் இல்ல, வரும்போதே அப்படித்தான் வந்திருக்கு. எங்க ஊர்ல எந்தக் கடையில ராத்திரி ரெண்டு மணிக்கு சிஸ்டம் ஓடுது? எட்டரைக்கு மெயினையே ஆஃப் பண்ணி ஷட்டரை இழுத்துட்டுப் போறோம். அதுக்குக் கீழயே இன்னொரு வரி: தவறிப்போன ஸ்கேனை அடுத்து சிஸ்டம் ஆன் ஆனதும் ஓட்டு. அதுலயும் டிக் அடிச்சே கிடக்கு. அப்போ ராத்திரி ஸ்கேன் ஒருநாளும் நடக்கப்போறதில்ல, வாராவாரம் நான் கடையைத் திறந்து ஆள் வந்து நிக்கிற நேரத்துக்குத்தான் நடக்கும். பகல்ல திறந்து ராத்திரி அடைக்கிற லட்சம் கடைகள் இருக்கிற நாட்டுல விக்கிற சாமானுக்கு இந்த யோசனைகூடவா இருக்கக்கூடாது?

என்னோடது பழைய ஹார்டு டிஸ்க், நிமிஷத்துக்கு 5400 சுத்து. உள்ள ஒரு சின்னக் கை அங்கயும் இங்கயும் போய்த்தான் ஒவ்வொண்ணையும் படிச்சுக் கொண்டு வரணும். ஸ்கேன் லட்சக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைலைத் திறக்குது, ஜிப்பையும் பிரிச்சு உள்ள பாக்குது. பிரௌசர் அதே கைக்குப் பின்னால வரிசையில நிக்கணும். ராம் 4 ஜிபிதான், அது நிறைஞ்சா மிச்சத்தை விண்டோஸ் அதே டிஸ்க்குலதான் கொண்டுபோய் வைக்கும். பிறகு எப்படி நகரும்?

மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டா ஒரே பதில்: "யக்கா, சிஸ்டம் பழசாயிட்டு, ஃபார்மட் அடிச்சிருவோம்." ரெண்டு தடவை அடிச்சாச்சு தம்பி! ரெண்டு தடவையும் நீயேதான அதே ஆன்டிவைரஸை அதே செட்டிங்கோட போட்டுக் குடுத்த? விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, அதனால மாத்துங்கன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். காரணம் என்னன்னு பாக்காமலே ஃபார்மட்னா என்ன அர்த்தம்? ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் எனக்கு ஒருநாள் வருமானம் போகுது, பில் ஃபார்ம், தமிழ் ஃபான்ட், பிரிண்டர் டிரைவர்னு எல்லாத்தையும் முதல்ல இருந்து ஏத்தணும்.

ஆன்டிவைரஸே வேண்டாம்னு நான் சொல்லல. காலேஜ் பிள்ளைக கொண்டு வார பென்டிரைவ்ல பாதி நாள் ஷார்ட்கட் வைரஸ்தான். ஃபோல்டர் எல்லாம் மறைஞ்சு வெறும் ஷார்ட்கட்டா நிக்கும். காவல் கட்டாயம் வேணும். ஆனா அதுக்குன்னு இந்தக் கம்பெனிக்கு வருஷாவருஷம் கட்டணும்னு இல்ல. 2012-ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து மைக்ரோசாஃப்டோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருது. வேற ஆன்டிவைரஸ் போட்டா அது ஒதுங்கிக்கும், அதை எடுத்துட்டா தானா திரும்ப வேலைக்கு வந்துரும். இதை விக்கிறவங்க ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொன்னதில்ல. சிஸ்டம் மூச்சுத் திணறிக் கிடக்கும்போதும் மூலையில 'ரினியூ பண்ணுங்க'ன்னு கட்டம் மட்டும் டாண்ணு வந்து நிக்குது.

இப்போதைக்கு அந்த டிக்கை எடுத்துட்டேன். ஃபுல் ஸ்கேனை ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மாத்தி வச்சிருக்கேன், அன்னைக்கு சிஸ்டத்தைப் போட்டுட்டு நான் சாப்பிடப் போயிருவேன். மத்த நாள்ல முக்கியமான இடத்தை மட்டும் பாக்கிற குயிக் ஸ்கேன் போதும், பென்டிரைவ் சொருகினா அதை மட்டும் தனியா ஸ்கேன் பண்ணிக்கிடலாம். லைசென்ஸ் முடிஞ்சதும் இதைக் கழட்டிருவேன். அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எஸ்எஸ்டி, அதான் சுத்துற தட்டும் கையும் இல்லாத வேகமான டிஸ்க், வாங்கணும். எந்த ஆன்டிவைரஸா இருந்தாலும் ஃபுல் ஸ்கேன் ஓடினா இந்தப் பழைய டிஸ்க் தாங்காது.

நாளைக்கு எட்டரைக்கே கடையைத் திறந்துருவேன். டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் இறங்கியிருக்கான்னு பாத்துட்டுத்தான் பெரியப்பாவை உக்கார வச்சு ஓடிபி கேப்பேன்.