கார் கண்ணாடியில் கோடு

நேற்று இரவு யூ டர்ன் எடுக்கும்போது எதிரே வந்த லாரியின் வெளிச்சம் பட்டதும், டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாய் மின்னியது. அந்த மினுமினுப்பில் பக்கத்தில் வந்த பைக் தெரியவே இல்லை. நெஞ்சு படபடத்துப்போனது.

எத்தனை முறை சொல்லிவிட்டேன்! காலையில் காரைத் துடைக்க வருபவரிடம், "தண்ணி ஊத்திட்டுத் துடைங்கண்ணே" என்று கெஞ்சாத நாள் இல்லை. கேட்டால்தானே? பக்கத்து மனை முழுக்கக் கட்டட வேலை. கண்ணாடியைவிட மணல் கடினமானது. காய்ந்த துணியோடு அந்த மணலையும் சேர்த்துத் தேய்த்தால் என்ன ஆகும்? போதாததற்கு ஜன்னல் ஓரத்து ரப்பர் பட்டையில், அதான் பீடிங்கில், சிக்கிய மணல் வேறு. கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் நெடுக ஒரு கீறல்.

சரி, சரிசெய்யலாம் என்று போனால் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் பற்பசை தேய்க்கச் சொல்கிறார். பற்பசையில் கண்ணாடிக் கீறல் போகுமா? இன்னொருவர் பெயின்டுக்குப் போடும் பாலிஷைத் தேய்த்துப் பணம் வாங்கிக்கொண்டார். கோடு அப்படியே இருக்கிறது. கண்ணாடிக்கென்று சீரியம் ஆக்சைடு பொடி இருக்கிறது. அதுவும் லேசான கீறலுக்குத்தான். நகம் வைத்தால் தட்டுப்படுகிற கீறலை அதை வைத்து விடாமல் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, பார்க்கிற காட்சியே நெளிகிறது. அப்புறம் கண்ணாடியையே மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றலாம். நாளைக் காலை அதே காய்ந்த துணி வருமே!