அந்த வீடியோவோட கடைசி நாலு செகண்டைப் பாருங்க

நம்ம சேலம் அஸ்தம்பட்டியில நிக்காம போன டவுன் பஸ் வீடியோவை நேத்திலிருந்து எல்லாரும் பகிர்ந்துட்டு இருக்கீங்க. பூக்கூடையோட அந்த அக்கா கை காட்டுறாங்க, படியில தொங்குற கூட்டத்தோட வண்டி போயிடுது, நாலடி ஓடிட்டு அவங்க நின்னுடுறாங்க. கீழ வர்ற கமெண்ட் பூரா டிரைவருக்குத்தான். சஸ்பெண்ட் பண்ணணுமாம். திமிராம். ஓசி டிக்கெட்டுன்னா நிக்க மாட்டாங்களாம்.

எனக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா அந்த வீடியோவோட கடைசி நாலு செகண்டை யாருமே பார்க்கலை. கேமரா திரும்புறப்ப இடது ஓரத்துல அதே ரூட் நம்பர் போட்ட இன்னொரு வண்டி வருது. அது வாலைப் பிடிச்சுக்கிட்டு மூணாவதா ஒண்ணு. ரெண்டுலயும் ஜன்னலோர சீட்டு காலி. நிறுத்திப் பாருங்க, தெளிவாத் தெரியும்.

நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான். பஸ் இல்லைங்கிறது பாதிப் பிரச்சினை. இருக்கிற பஸ் சேர்ந்து சேர்ந்து வருதுங்கிறதுதான் மீதிப் பாதி, அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கிறதில்லை.

கணக்கு ரொம்பச் சின்னது. மணிக்கு 6 பஸ், 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வந்தா ஸ்டாப்புல நிக்கிறவங்க சராசரியா 5 நிமிஷம் காத்திருப்பாங்க. அதே 6 பஸ் ரெண்டு ரெண்டா வந்தா 20 நிமிஷ இடைவெளி, காத்திருப்பு 10 நிமிஷம். மூணு மூணா வந்தா 15 நிமிஷம். டீசல் அதேதான், டிரைவர் அதே ஆளுதான், ஒரு வண்டிகூடக் குறையலை. ஜனங்க காத்திருக்கிறது மட்டும் மூணு மடங்கு. ஆபீஸ் ஏட்டுல எல்லா டிரிப்பும் ஓடினதாத்தான் இருக்கும்.

எப்படிச் சேருது? பழைய பஸ்டாண்டுலேர்ந்து ஒரு ரூட், போக 35 நிமிஷம், வர 35, ரெண்டு முனையிலயும் 5 நிமிஷம் நிறுத்தம்னு வைங்க. மொத்தம் 80 நிமிஷம். 10 நிமிஷத்துக்கு ஒண்ணு விட 8 வண்டி வேணும். காலையில ஒண்ணு செல்ஃப் எடுக்கலை, இல்லன்னா ஏர் லீக், ஷெட்டை விட்டு வரலை. 7 வண்டி ஓடினா சராசரி 11 நிமிஷம்தானேன்னு பேப்பர்ல தோணும். ரோட்டுல அந்த வண்டி வர வேண்டிய இடத்துல 20 நிமிஷ ஓட்டை விழுது. ஓட்டைக்குப் பின்னாடி வர்ற வண்டிக்கு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் 10 பேர் நிக்கிற இடத்துல 20 பேர். ஒரு ஆள் ஏற 3 செகண்டுன்னா ஸ்டாப்புக்கு 30 செகண்டு கூடுதல். 15 ஸ்டாப்புக்கு ஏழரை நிமிஷம். 10 நிமிஷம் கழிச்சுக் கிளம்பின அடுத்த வண்டிக்கு ஏற ஆளே இல்லை, நிக்காம ஓடி வந்து முன் வண்டியோட வாலைப் பிடிச்சுடுது. அதுக்கப்புறம் நாள் பூரா அந்த ரெண்டும் பிரியாது. மதியம் டியூட்டி மாறுற நேரம் வரைக்கும் ஜோடியாத்தான் சுத்தும்.

முன்னாடி போற டிரைவர் அந்த நிலைமையில என்ன பண்ணுவார்? படியில ஆள் தொங்குறாங்க. நிறுத்தினா இன்னும் நாலு பேர் தொங்குவாங்க. கண்ணாடியில பின் வண்டி தெரியுது. அதுல ஏறிக்குவாங்கன்னு போயிடுறார். நிறுத்தியிருக்கணும், மறுக்கலை. கையையாவது பின்னாடி காட்டியிருக்கணும். ஆனா அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டா நாளைக்கு 8 வண்டி சரியா வருமா?

இதைச் சரி பண்ண வழி இருக்கு. ஒரு ஆள், ஒரு போன், ஒரு ஜிபிஎஸ் திரை. காலையில ஒரு வண்டி வரலைன்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே மிச்சம் 7 வண்டியையும் ஒரு சுத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி பதினொன்றரை நிமிஷ இடைவெளிக்குக் கொண்டு வரணும். ஓட்டை விழாது. அதையும் மீறி நடுவழியில ரெண்டு ஒட்டிக்கிட்டா, பின் வண்டியை கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப் மாதிரி ஒரு இடத்துல 3, 4 நிமிஷம் நிறுத்தி வைக்கணும். உள்ள உக்காந்திருக்கிறவங்க கத்துவாங்க. கத்தட்டும். அந்த வண்டியில இருக்கிறது 15 பேர், முன்னாடி ஸ்டாப்புகள்ல நிக்கிறது நூறு பேர். முனையில 5 நிமிஷ நிறுத்தம் போதவே போதாது, அதைக் கூட்டணும், அப்பத்தான் தாமதம் அடுத்த டிரிப்புக்கு ஒட்டாது. 8 வண்டி ஓடுற ரூட்டுக்கு 9-ஆவது வண்டி ஷெட்ல தயாரா நிக்கணும். இந்த ஸ்பேர் வண்டியைத்தான் முதல்ல எடுத்துப் புது ரூட்டுக்கு விட்டு, கொடியசைச்சு, போட்டோ எடுத்துக்கிறாங்க.

புது வண்டி வந்தா சரியாயிடும்னு சொல்றவங்களுக்கு. பிஎஸ் 6 வண்டியில, அதாவது புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில, சைலன்சர் பக்கம் கரித்தூள் பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. அந்தக் கரி எரியணும்னா புகை நல்லாச் சூடாகணும். ஐந்து ரோடு, நாலு ரோடுன்னு ஊர்ந்து ஊர்ந்து போற டவுன் பஸ்ஸுல அந்தச் சூடே வராது. ஃபில்டர் அடைக்கும், விளக்கு எரியும், இன்ஜின் இழுவை குறையும். ஓரங்கட்டி நிறுத்தி அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுக் கரியை எரிக்கணும். அதுக்கு நேரம் ஒதுக்காத ஷெட்ல புது வண்டியும் பழைய வண்டி மாதிரியே படுத்துக்கும். பிழையைப் படிக்கிற ஸ்கேனர் ஷெட்ல இல்லைன்னா கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் நிக்கும். மின்சார பஸ்னாலும் அப்படித்தான். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 யூனிட், நாளைக்கு 200 கிலோமீட்டர், 50 வண்டின்னா ராத்திரி 6 மணி நேரத்துல 10,000 யூனிட் ஏத்தணும். 1,600 கிலோவாட்டுக்கு மேல. உயரழுத்த இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் முதல்ல வரணும், பஸ் அப்புறம் வரணும்.

புது வண்டியில எனக்குப் பிடிச்சது தாழ்தளம்தான். தரையிலேர்ந்து 400 மில்லிமீட்டர், ஒரே எட்டு. ஏற 3 செகண்டுங்கிறது குறையும். இடைவெளியைக் காப்பாத்த அதுவே பெரிய உதவி.

மெட்ரோ கேக்குறவங்களுக்கு ஒண்ணு. மத்திய அரசோட 2017 மெட்ரோ கொள்கையில 20 லட்சம் மக்கள்தொகைன்னு ஒரு அளவு இருக்கு. அதைக் காட்டித்தான் கோவை, மதுரைத் திட்டங்களையே 2025 நவம்பர்ல திருப்பி அனுப்பினாங்க. 2011 கணக்குப்படி சேலம் மாநகராட்சி 8.29 லட்சம். மெட்ரோ ஓடுற சென்னையிலயே இன்னிக்கும் பஸ்ல போறவங்கதான் பல மடங்கு. நம்ம ஊருக்குள்ள ஜங்ஷன், மார்க்கெட், டவுன்னு மூணு ஸ்டேஷன் ஏற்கெனவே ஒரே தண்டவாளத்துல இருக்கு. அதுல காலை, மாலை அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் குட்டி ரயில் விடச் சொல்லிக் கேளுங்க, நானும் கூட நிக்கிறேன்.

2023-ல ஈரடுக்கு பஸ்டாண்டு திறந்தாச்சேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பஸ்டாண்டு கட்டடம், அவ்வளவுதான். சர்வீஸ்ங்கிறது வேற.

இப்ப அந்த "ஓசி" விஷயம். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் அவங்களுக்கும் சீட்டு கிழிக்கிறார், அரசு அதுக்கு மானியம் கொடுக்குது. அது நம்ம எல்லாரோட வரிப்பணம், பூ விக்கிற அந்த அக்கா வாங்குற சோப்புல கட்டுற வரியும் அதுல இருக்கு. விடிகாலையில பூ வாங்கி, கட்டி, கூடையைத் தூக்கிக்கிட்டு வர்றவங்களைப் பார்த்து ஓசின்னு எழுத எப்படிக் கை வருது? மாச பாஸ்ல போற பையனை யாரும் அப்படிச் சொல்றதில்லையே. டிரைவரைத் திட்டுறதா ஆரம்பிச்ச கமெண்ட் கடைசியில அவங்க மேலதான் போய் விழுந்திருக்கு. நேத்து ராத்திரி பூரா எனக்கு ஆறவே இல்லை.

ஏற்காட்டுக்காரங்க இதைப் படிச்சா, எங்களுக்கு 20 நிமிஷ ஓட்டைன்னா சொர்க்கம்னு சொல்வாங்க. நியாயம்தான். நாகலூருக்கோ செம்மடுவுக்கோ ஒரு டிரிப் விழுந்துட்டா எஸ்டேட் வேலைக்குப் போறவங்களுக்கு அன்னிக்குக் கூலியே போச்சு. 20 கொண்டை ஊசி வளைவுக்கும் குட்டைச் சேஸிஸ் வண்டிதான் திரும்பும். டவுன்ல சும்மா நிக்கிற நீள வண்டியை அங்க அனுப்ப முடியாது. ஏறின கியர்லயே இறக்கணும், பிரேக் லைனிங் தீயுற வாசனை வந்தா நிறுத்தி ஆற விடணும், அது தெரிஞ்ச டிரைவரும் வேணும். அதனால மலைக்கு ஸ்பேர் வண்டி தனியா, அடிவாரத்துலயே நிக்கணும்.

வீடியோ எடுத்த தம்பிக்கு ஒரு வேண்டுகோள். வெட்டாத முழு வீடியோ இருந்தா போடுங்க. பின் வண்டி எத்தனை செகண்டு கழிச்சு வந்துச்சு, அந்த அக்கா அதுல ஏறினாங்களா, அது தெரியணும். டிரைவர் பேர் வேண்டாம்.