பாதி வசனம்

பாளையங்கோட்டைப் பக்கம் புது வீடு கட்டும் நம் கிறிஸ்தவ ஆட்கள் வாசலில் கிரானைட்டில் வெட்டி வைக்கும் பைபிள் வசனம், நான் பார்த்தவரை, பெரும்பாலும் நீதிமொழிகள் 10:22-தான். ‘கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும், அதனோடே அவர் வேதனையைக் கூட்டார்.’ நல்ல வசனம், குறை சொல்லவில்லை. அதே புத்தகத்தில் ஐந்து அதிகாரம் தள்ளிப் போனால், ‘சஞ்சலத்தோடு கூடிய அதிக பொருளிலும், கர்த்தரைப் பற்றும் பயத்தோடு கூடிய கொஞ்சப்பொருளே உத்தமம்’ என்று இருக்கிறது. அதைக் கல்லில் வெட்டிய வீடு ஒன்றையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

நம்மிடம் வேதத்துக்குப் பஞ்சமே இல்லை. காலண்டரில் வசனம், கார் கண்ணாடியில் வசனம், காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ரோஜாப்பூ படத்தோடு வசனம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து புது வருஷத்துக்கென்று வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஆளுக்கொன்று. இவ்வளவு இருந்தும், ‘நிம்மதியே இல்லை’ என்று சொல்லாத வீடு எத்தனை? என் கருத்து இதுதான்: வசனத்தில் நமக்குக் கொடுக்கிற பாதியை மாட்டி வைத்திருக்கிறோம், நம்மிடம் கேட்கிற பாதியைக் கத்தரித்துவிட்டோம். சந்தோஷமோ அந்தக் கேட்கிற பாதியில் இருக்கிறது.

37-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ‘உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்’ என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின வசனம், ‘கர்த்தரை நம்பி நன்மைசெய்.’ அந்தச் சங்கீதமே எப்படித் தொடங்குகிறது தெரியுமா? பொல்லாதவனைப் பார்த்து எரிச்சல்படாதே, அநியாயக்காரன்மேல் பொறாமைப்படாதே என்று. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் நமக்குத் தூக்கம் போகிறது. அந்த வியாதிக்கு மருந்து முதல் வசனத்திலேயே இருக்க, நாம் நேராக நாலாவது வசனத்துக்குத் தாவுகிறோம்.

பிலிப்பியர் 4:13-க்கு நடப்பதும் இதுதான். ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.’ பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பென்சில் டப்பாவில்கூட ஒட்டியிருக்கும். அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின கடிதம் அது. பரீட்சைக்காக எழுதவில்லை, காவலில் இருந்துகொண்டு எழுதினார். மேலே இரண்டு வசனம் ஏறிப் பார்த்தால், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன், திருப்தியாயிருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் தெரியும் என்கிறார். அவர் சொன்ன ‘எல்லாவற்றையும்’ என்பதில் பட்டினியும் சேர்த்தி. அவருக்கும் அது கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எரேமியா 29:11-ஐயும் விட்டுவிட முடியாது. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற அந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பின கடிதத்தில் வருகிறது. நாளைக்கே ஊர் திரும்பலாம் என்று அதில் இல்லை. எழுபது வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணு என்றிருக்கிறது. துபாயிலும் சென்னையிலும் இருந்துகொண்டு ‘ஊருக்கு வந்தால்தான் வாழ்க்கை’ என்று நாளைத் தள்ளும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதம் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

சரி, தெய்வபயமான வாழ்க்கை சந்தோஷம் தரும் என்கிறார்களே, அது எப்படித் தரும்? எனக்கு இதை விளங்க வைத்தது லூக்கா. 18-ஆம் அதிகாரத்தில் ஒரு தலைவன் வருகிறான். வேதத்தின் கட்டளைகளையெல்லாம் சிறு வயது முதல் கைக்கொண்டவன். நம் ஊரில் இருந்தால் சபைக் கமிட்டியில் நிச்சயம் இருப்பான். உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்னதும் ‘மிகுந்த துக்கமடைந்தான்’. அடுத்த அதிகாரத்தில் சகேயு. ஊரே காறித் துப்புகிற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், அவனும் பணக்காரன்தான். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தான். மரத்திலிருந்து இறங்கும்போதே அவனுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ஒழுக்கமானவன் துக்கத்தோடு போகிறான், திருடன் சந்தோஷமாகச் சொத்தைக் கொடுக்கிறான். இந்த இரண்டையும் லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்தது சும்மா இல்லை என்றே நினைக்கிறேன்.

நம் வீடுகளுக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். பெண் பார்க்க வருகிறார்கள். முதலில் ஜெபம், ஒரு கீர்த்தனை, அப்புறம் காபி. அதற்கப்புறம் எத்தனை பவுன், எந்த கார். கடைசியில் ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்று எழுந்து போகிறார்கள். பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பாரா? வாங்கின பவுனைத் திருப்பிக் கொடுத்த சகேயு ஒருவரை எனக்குக் காட்டுங்கள், அவர் வீட்டுக்கு நானே மாலையோடு வருகிறேன்.

எங்கள் மாமா ஒருவர் கருப்பட்டி வியாபாரம் செய்கிறார். உடன்குடிப் பக்கம் பனைத் தொழில் செய்த குடும்பம். பதநீரை விடிலியில் (காய்ச்சுகிற ஓலைக் குடிசையில்) மணிக்கணக்காகக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் வேலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். இன்றைக்கு அந்த வியாபாரத்தில் சீனி கலப்பது ரகசியமே இல்லை. சீனி கிலோ 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது, நல்ல கருப்பட்டி 300 ரூபாயைத் தாண்டுகிறது. கணக்கு யாருக்கும் புரியும். கலந்த கருப்பட்டி உடைத்த இடத்தில் பளபளவென்று மின்னும், கைக்குக் கெட்டியாக அழகாக இருக்கும். மாமா கடைச் சரக்கு உள்ளே மங்கலாக, கறுத்த பழுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் கசியவும் செய்யும். வருகிறவர்கள் ‘என்ன அண்ணாச்சி, சரக்கு பழசா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

‘ஊரோடு ஒத்துப் போனால் என்ன மாமா?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு முழங்கால் போடணும்லா மருமவனே’ என்றார். அவ்வளவுதான், மேற்கொண்டு பிரசங்கம் கிடையாது. அவர் சிரித்த முகக்காரரும் இல்லை, சரியான முசுடு. வீட்டில் அத்தையிடம் கேட்டால் அவரைப் பற்றி வேறு கதை சொல்வாள். ஆனால் அந்த மனுஷன் படுத்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை விடுவார். எந்த அதிகாரி கடை வாசலில் நின்றாலும் முகம் மாறாது. யாரிடம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத வாழ்க்கை. ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்பதை மிரட்டலாகவே கேட்டு வளர்ந்த எனக்கு, அதற்குள் இவ்வளவு பெரிய விடுதலை இருப்பது அவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அப்படியென்றால் ஒழுங்காக இருந்தால் கஷ்டம் வராதா? வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி வீட்டுக்குள் வரும்போது, சபைக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை யார் ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு வரவில்லை. ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தை அந்த வருஷம் வாசித்தவர்களில், நிஜமாகவே தொழுவம் காலியானவர்கள் இருந்தார்கள். அதை அவர்கள் வாசித்தது வேறு மாதிரி இருந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட சுமார் 800 பேருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் எந்தச் சபை என்று யாரும் கேட்கவில்லை. நன்மை செய்வது நமக்கு மட்டும் எழுதிக் கொடுத்த பட்டா இல்லை. செய்யச் சொல்லி எழுதியிருந்தும் செய்யாமல் இருந்தால் கூச்சம் நமக்குத்தான் அதிகம் வர வேண்டும்.

நெல்லைப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் சாகும்வரை அநேகமாகப் படுக்கையில்தான் கழித்தார். வலி தீரவில்லை. ஆனாலும் எழுத்து நிற்கவில்லை, அவரைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளும் குறையவில்லை. தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. இருபது வருஷ வலியைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் நம்முடைய ‘நிம்மதியே இல்லை’ அவர் வாயில் வந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பிலிப்பியரில் தொடங்குங்கள். மொத்தமே நாலு அதிகாரம், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்ற வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சண்டையை விட்டு ஒரே சிந்தையாயிருங்கள் என்கிறார் பவுல். முதலில் சமாதானம், அப்புறம்தான் சந்தோஷம். எங்கள் சபையில் இதைச் சத்தமாக வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் இரண்டு பெரியம்மாக்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறந்த வீட்டுச் சொத்து வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. அடுத்த வாய்தா ஜூலையில்.