8 ஜீபி போதும்னு நம்பி எடுத்துறாதீங்க

படிக்கிற புள்ளைகளுக்கு லெப்டொப்ல 8 ஜீபி ரேம் (வேலை நடக்குறப்ப பாவிக்கிற மெமரி) தாராளம்னு உங்க பதிவுல போட்டிருக்கீங்க, நானும் அப்பிடி நெனச்சுத்தான் தங்கச்சி கேம்பஸ் போறப்ப ஹட்டன் டவுன்ல ஒரு லெப்டொப் எடுத்துக் குடுத்தேன். விண்டோஸ் 11க்கு 4 ஜீபி இருந்தா காணும்னு மைக்ரோசாப்ட் சொல்றது விண்டோஸ மெஷின்ல ஏத்துறதுக்கு மட்டுந்தான், வேலை செய்ய இல்ல. சூம் கிளாஸ், குரோம்ல பத்து டேப், பக்கத்துல வேர்டு, அவ்ளோதான், டாஸ்க் மேனேஜர்ல மெமரி 93 சதவீதத்துல நிக்குது, மவுஸ் அம்பு கினிகத்தேனை ஏத்தத்துல லோட் லொறி ஏறுற மாதிரி முக்குது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்னா திரையில படம் காட்டுற வேலையும் இந்த ரேம்லதான் பங்கு எடுக்கும், கடையில யாரு சொல்றா இதெல்லாம்!

சரி இன்னொரு 8 போடுவோம்னு தூக்கிட்டு போனா, ரேம போர்டுலயே ஈயம் வச்சு ஒட்டியிருக்காம், வேற ரேம் சொருக ஸ்லொட்டே கெடையாது. அதனால காசு குடுக்க முந்தி ஸ்லொட் இருக்கா, ரேம் வகை டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ (ஒண்ணுக்குப் பதிலா மத்தத போட ஏலாது) ன்னு கேளுங்க. ஸ்லொட் இருந்தா 8ல எடுத்து பெறகு கூட்டிக்கலாம், இல்லன்னா கடன் பட்டாவது 16 ஜீபி எடுங்க. 32லாம் வீடியோ எடிட் பண்றவங்களுக்கு. இப்ப தங்கச்சி ஒரு டேப மூடிட்டுத்தான் அடுத்தத தொறக்குது, ஒவ்வொரு தடவையும் என்னய ஒரு பார்வை வேற.